மணல்மேட்டுக்கு நன்றி

தலையணையை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடச் சொன்னாள் அம்மா. மகன் தூக்கிவிட்டான். போதாது, இன்னும் என்றாள். படுத்த படுக்கையாக ஆண்டவர் முன்னால் போய் நிற்பது மரியாதையாக இருக்காதாம்.

இனி சில மணி நேரம்தான் என்று டாக்டர் காலையில் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவளுக்குக் காது மட்டும் இன்னும் பழுதாகவில்லை. கேட்டதும் அவள் அழவில்லை. ஊருக்குக் கிளம்புகிறவள் போல அவளுக்கு ஒரே பரபரப்பு. தலை வாரிவிடச் சொன்னாள், புதுப் புடவையை எடுக்கச் சொன்னாள், சாயங்கால ஜெபத்தை மூன்று மணிக்கே வைக்கச் சொன்னாள். சாயங்காலம் வரை தாங்காது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வீட்டு ஜெபத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கர்த்தர் அன்றைக்குத் தனக்குச் செய்தது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. காலையில் கண் விழித்தேன், வயிறாரச் சாப்பிட்டேன் என்பதெல்லாம் செல்லாது. "அது எல்லாருக்கும் பண்ணது. உனக்கு என்ன பண்ணார்?" என்று அம்மா மடக்குவாள்.

மகனுக்குப் பத்தொன்பது வயதில் இந்தச் சட்டம்தான் வினையானது. டிரைவிங் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பூங்கா பெஞ்சில் நாள் முழுக்கத் தூங்கியவன், அன்று சாயங்காலம் சொல்ல ஒன்றும் இல்லாமல் விழித்தான். இறக்கத்தில் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை, ரோட்டோரம் கிடந்த மணல்மேட்டில் ஏறி நின்றது என்று ஒரே மூச்சில் அளந்துவிட்டான். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். போதகர் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். அன்றிலிருந்து சபையில் அவனுக்குப் பெயர் மணல்மேடு. அவன் பஸ் டிரைவராகி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் வருஷா வருஷம் அந்தத் தேதியில் அம்மா உபவாசம் இருந்தாள்.

மூன்று மணிக்குக் கட்டிலைச் சுற்றி நாலு நாற்காலி போட்டார்கள். போதகரும் வந்துவிட்டார். நர்ஸாக இருக்கும் தங்கை நாடி பிடித்தபடியே தன் பங்கைச் சொன்னாள். அடுப்பில் மறந்துவிட்டுப் போன பால் பொங்கி வழியவில்லை என்றாள் மருமகள். அம்மா தலையாட்டி அதையும் ஏற்றுக்கொண்டாள். பிறகு அவளே பேச ஆரம்பித்தாள்.

"கர்த்தரை நேர்ல பார்த்ததும் வாயடைச்சுப் போயிடக் கூடாது பாருங்க. அதான் எதுக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு வரிசைப்படுத்தி வச்சிருக்கேன். முதல்ல மணல்மேடு."

மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மா சும்மா சொல்கிறவள் அல்ல. புதுப் புடவையும் வாரிய தலையுமாக ஆண்டவர் முன்னால் போய் நிற்கப் போகிறாள். அவர் போடாத மணலுக்கு நன்றி சொல்லப் போகிறாள். இத்தனை வருஷம் உறுத்தாத பொய் இப்போது அவனை உறுத்தியது. சொன்னால் அம்மா மனம் உடைந்து போவாள். சொல்லாவிட்டால் அங்கே போய் அவமானப்படுவாள்.

"அம்மா, அந்த மணல்மேடு நடக்கவே இல்லம்மா. நான் கட்டிவிட்ட கதை."

போதகர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அம்மா அவனைப் பார்த்தாள். அவன் அழுதுவிட்டான்.

"நல்லவேளை, இங்கயே சொல்லிட்ட. அங்க போய் அசடு வழிஞ்சிருப்பேன்" என்றாள் அம்மா. சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தங்கை முதுகைத் தடவிவிட்டாள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அம்மா விரலை நீட்டினாள். "இப்போ முதல் இடம் காலி. நெஜமா ஒண்ணு சொல்லு. சீக்கிரம்."

அவனிடம் ஒன்று இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாதது. நாலு வருஷத்துக்கு முன்னால், காலை முதல் டிரிப்பில், பாலத்துக்கு ஏறும் வளைவில் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். பின் சீட்டில் யாருடைய கையிலிருந்தோ ஒரு எவர்சில்வர் டப்பா விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் அவன் விழித்தபோது பாலத்தின் கைப்பிடிச் சுவர் கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினான். வேலை போய்விடும் என்ற பயத்தில் அன்று சாயங்காலம் வேறு எதையோ சொல்லிச் சமாளித்தான். இப்போதுதான் முதல் முறையாக அதைச் சொன்னான்.

அம்மாவின் கண் பளபளத்தது. எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"வண்டில எத்தனை பேர்?"

"நாப்பது பேர் இருப்பாங்கம்மா."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

"அடேயப்பா" என்றாள் அம்மா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மணலுக்காக நான் சொன்ன நன்றி ஒன்றும் வீணாகவில்லை, அவர் செய்வதற்கு முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று போதகரிடம் பெருமையாகச் சொன்னாள். போதகர் ஆமென் என்றார். அம்மா மறுபடி மகன் பக்கம் திரும்பினாள்.

"அந்த டப்பா யாரோடது?"

"தெரியலம்மா. திரும்பிப் பார்க்கல."

"சரி விடு. நான் போய்க் கேட்டுக்கறேன்."

போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மகன் மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலைந்து மூச்சு வந்தது. பிறகு ஒன்று நீளமாக வந்தது. அடுத்ததற்காக அவன் காத்திருந்தான்.

ஆமென் சொல்லிக் கண் திறந்த தங்கை நாடியைப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அழுதுகொண்டே எழுந்து போய், தாடையைக் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

அம்மாவின் வாய், எதையோ கேட்கப் போவது போல லேசாகத் திறந்திருந்தது.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றான் மகன்.