பூப்போட்ட டம்ளர்

மதிக்கு அந்த வீட்டில் ஒரு டம்ளர் உண்டு. விளிம்பில் பூ போட்ட எவர்சில்வர் டம்ளர். காலடிப்பேட்டையில் லாரி முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு வருடமாக ஆங்கில ட்யூஷன் எடுக்கிறாள். மாலையானால் அந்த வீட்டு மூத்த பிள்ளை குமாரவேல் தன் கையாலேயே அதில் காபி கொண்டுவருவான். அதில் வேறு யாரும் குடித்து அவள் பார்த்ததில்லை. குடித்ததும் கழுவிக் கொல்லைப்பக்க ஜன்னலில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுகூட அவளுக்கு உரிமையாகத்தான் பட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பூரித்துக்கொண்டிருந்தாள். எம்.ஏ. படித்தவளுக்கு வந்த புத்தி அது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. படித்ததெல்லாம் பழைய இங்கிலீஷ் நாவல். அதில் மாளிகைக்காரன் முதலில் முகத்தைத் திருப்புவான். ஏழைப் பெண் வெடுக்கென்று நாலு வார்த்தை பேசுவாள். முந்நூறு பக்கம் மழையில் நடந்தபின் கல்யாணம். அம்மா சொக்கம்மாளுக்கோ தெலுங்குப் படம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வண்ணாரப்பேட்டைக்குக் காலைக்காட்சி பார்க்க ஓடுவாள். பாஷை பாதி புரியாது, அழுகை முழுசாக வரும். மீசை துடிக்கக் கத்திய ஜமீன்தாரே கடைசி ரீலில் வேலைக்காரி மகளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போவார். இப்படியே படித்தும் பார்த்தும் இரண்டு பேருக்கும் தாங்கள் இருக்கும் புளியந்தோப்புக்கும் அந்த மாடி வீட்டுக்கும் நடுவே தூரமே தெரியாமல் போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை உங்கம்மாவக் கூட்டிட்டு வா. எங்கம்மாகிட்ட நம்ம கல்யாண விஷயத்தப் பேசிடலாம்" என்றான் குமாரவேல்.

சொக்கம்மாள் பட்டுப் புடவையில் வந்தாள். குமாரவேலின் அம்மா மீசை முறுக்கவுமில்லை, கத்தவுமில்லை. "உங்க பொண்ணு நல்லா சொல்லிக்குடுக்குது" என்று சிரித்து, நாற்காலி போடச் சொன்னாள்.

குமாரவேல் பூப்போட்ட டம்ளரில் காபி கொண்டுவந்து சொக்கம்மாளிடம் நீட்டினான்.

"குடிங்கம்மா. குடிச்சிட்டுக் கழுவிக் குடுத்தீங்கன்னா மதிக்கும் ஊத்திட்டு வரேன். ஒண்ணுதான் இருக்கு."

பாசத்தோடுதான் சொன்னான். அவன் முதுகுக்குப் பின்னால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் அடுக்கடுக்காகப் பளபளத்தன. அவனுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை, பிறந்ததிலிருந்து பார்க்கிறவன். மதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

சொக்கம்மாள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் கொல்லைப்பக்கம் போனாள், கழுவினாள், ஜன்னலில் கவிழ்த்தாள்.

"மதிக்கு வோணாம் தம்பி. அதுக்குத் தாகம் இல்ல."

வந்த விஷயத்தை யாரும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மதி கேட்டாள்.

"யம்மா, அங்கதான் வெக்கணும்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"எல்லா வூட்லயும் அங்கதான் கீது" என்றாள் சொக்கம்மாள்.