ஆதியாகமம் முதல் வரிசையாக

ஆன்றோ கடைசி பிஸ்கட் டின்னையும் கட்டில்மேல் கவிழ்த்தான். அட்டைகள் சரிந்து, அப்பாவின் உடம்பு மெத்தையில் போட்டிருந்த பள்ளத்தில் போய்த் தங்கின. முன்னறையில் ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பா இருந்தார்.

அம்மா வாசல் திரையை விலக்கினாள்.

"ஏல, எடுத்தியா? பச்ச ரப்பர் போட்ட கட்டு. ஆயரையா கிளம்பிட்டாவளாம்."

"தேடுறேன்மா."

"இத்துனூண்டு கட்டத் தேட இவ்ளோ நேரமா? நீதானே எல்லாத்தயும் அடுக்கி வச்ச?"

அவன்தான் அடுக்கி வைத்தான். அதுதான் பிரச்சினை.

அப்பா தேவப்பிரியத்துக்கு விம்கோ நகரில் அரிசிக்கடை. திக்குவாய். "அண்ணாச்சி வெல சொல்லி முடிக்கறதுக்குள்ள அரிசி வெந்துடும்" என்று தெருவில் சொல்வார்கள், அவரும் கூடச் சிரிப்பார். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பெழுதுவார். எழுதுவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வைத்திருப்பார். அட்டையின் ஒரு பக்கம் வசனமும் விளக்கமும், மறுபக்கம் யாரோ ஒரு மணமகனின் பாதிப் பெயர். சபையில், விசுவாசிகளே பிரசங்கம் செய்யும் ஆண்கள் ஞாயிறு வரும்போதெல்லாம், செய்தி கொடுக்க இடம் கேட்பார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். அவர் திரும்பி வந்து இன்னொரு செய்திக்குக் குறிப்பெழுதுவார்.

படுக்கையில் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், ஜெபிக்க வந்த சபை ஆயரிடம் ஒன்று கேட்டார். அவரால் சொல்லி முடிக்க முடியாமல் அம்மாதான் சொன்னாள்.

"அடக்க ஆராதனைக்கு இவுகளே ஒரு செய்தி எழுதி வச்சிருக்காவ. அத நீங்க அப்படியே வாசிக்கணுமாம். உயிரோட இருக்கும்போதுதான் நிக்க விடல. செத்த பிறகாவது நாலு பேரு கேக்கட்டும்."

ஆயர் வாசிப்பதாக வாக்குக் கொடுத்தார். இதெல்லாம் ஆன்றோவுக்கு இன்று காலையில்தான் தெரியும். எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனிடம் வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை. அப்பா விடியற்காலையில் இறந்ததையும் அவனுக்கு யார்டு வாட்ச்மேன்தான் வந்து சொன்னார். அவன் போனில் சார்ஜ் இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவன் அந்த டின்களைத் திறந்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், கோவிலுக்குப் போவதையும் விட்டவன், அப்பாவுக்கென்று தானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். உள்ளே சின்னச் சின்னக் கட்டுகள். ஒரு கட்டில் யோபு, ரூத், லூக்கா என்று வெவ்வேறு புத்தகத்து வசனங்கள் கலந்து கிடந்தன. அப்பாவுக்கு அடுக்கத் தெரியவில்லை என்று நினைத்தான். ரப்பர்கள் பெரும்பாலும் இளகி அட்டையோடு ஒட்டியிருந்தன. பிய்த்துப் போட்டான். ஒன்று மட்டும் புதிது, பச்சை. அதையும் உருவிப் போட்டான். எல்லா அட்டைகளையும் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை வரிசையாக அடுக்கி, டின்களின் மேல் பெயர் எழுதி ஒட்டினான்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினான். அப்பா முதல் டின்னைத் திறந்தார். வீங்கின விரல்களால் அட்டைகளின் தலையைத் தடவிக்கொண்டே போனார். அடுத்த டின்னைத் திறந்தார். அதற்கடுத்ததையும்.

"வே... வே... வேதாகம வரிசையாடே?"

"ஆமாப்பா. எந்த வசனம் வேணும்னாலும் டக்குனு எடுத்துடலாம்."

மூலையில் கூட்டாமல் கிடந்த ரப்பர் குவியலை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ந... நல்லாருக்குடே" என்றார்.

ஒவ்வொரு கட்டும் ஒரு செய்தி என்பது ஆன்றோவுக்கு இப்போதுதான் உறைத்தது. அட்டைகளில் எண் இல்லை, தலைப்பு இல்லை. மரணம் பற்றிய அட்டைகளைப் பொறுக்கிப் பார்த்தான். எல்லா டின்னிலும் மரணம் இருந்தது. மறுபக்கத்தைத் திருப்பி, ஒரே பத்திரிகையில் வெட்டின துண்டுகளைச் சேர்க்க முயன்றான். பாதி ஊர் ஒரே அச்சகத்தில் ஒரே ரோஜாப்பூ போட்டுப் பத்திரிகை அடித்திருந்தது.

ஆயர் திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"தம்பி, அப்பாவோட நோட்ஸ்?"

ஆன்றோ கையிலிருந்த அட்டைகளைக் கட்டிலில் போட்டான்.

"கிடைக்கல ஐயா."

"பரவாயில்ல. கர்த்தர் குடுக்கிறத நான் பேசுறேன்." அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

பின்னால் நின்ற அம்மா ஆன்றோவைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்ததைப் பார்த்தாள். உள்ளே வந்து, தரையில் விழுந்த அட்டைகளைப் பொறுக்கி அவற்றோடு வைத்துவிட்டுப் போனாள்.

தெருவில் ஷாமியானாவின் கீழே ஆராதனை நடந்தது. போன மாதம் இன்னொரு வீட்டில் சொன்னதையே ஆயர் சொன்னார். நடுவில் தேவப்பிரியம் நேர்மையான வியாபாரி என்று சேர்த்துக்கொண்டார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்பதாக யாரோ வந்து காதில் சொன்னதும், ஜெபத்தைச் சுருக்கினார். பின்வரிசையில் ஒருவர், "அண்ணாச்சி ஒரு தபா கூட மேல ஏறிப் பேசலல்ல?" என்றார். "ஏறிக் கீறினா அப்பால நாம வூட்டுக்குப் போறது எப்ப?" என்றார் பக்கத்தில் இருந்தவர். இரண்டு பேரும் மெல்லச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

சவப்பெட்டியை மூடும் முன் குடும்பத்தாரைக் கூப்பிட்டார்கள். அம்மா நெற்றியில் முத்தமிட்டாள். ஆன்றோ குனிந்தான். அப்பாவின் முழுக்கைச் சட்டையின் ஒரு கை மேலேறிக் கிடந்தது. இறக்கிவிடப் போனவன் அப்படியே நின்றான். மணிக்கட்டில், வீங்கின சதைக்குள் புதைந்து, பச்சை ரப்பர்.

எதிர்க்கடை மஜீது பக்கத்தில் வந்தார். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டினது அவர்தான்.

"அது வரல நைனா. போன வாரமே பாத்தேன், கையி வீங்கிக் கீதே, கயட்டிட்லாம் அண்ணாச்சின்னேன். வாணாம்னு கைய இஸ்துக்கினாரு. இன்னிக்கு வெட்டிட்லாம்னு கத்திரி எட்த்தேன். அப்பால மன்சு வரல, வுட்டுட்டேன். இன்னாத்துக்குப் போட்டுக்கினாரு?"

"தெரியல மாமு" என்றான் ஆன்றோ.

சட்டைக் கையை ரப்பரின் மேல் இழுத்துவிட்டான். பொத்தான் போடப் பார்த்தான். எட்டவில்லை. வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மஜீதும் இன்னொருவரும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆன்றோ பொத்தானையும் துளையையும் இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கைய எடு நைனா" என்றார் மஜீது.