மேல்மாடிக்குப் போன நாற்காலிகள்

நாலாம் மாடிக் கணக்காளர் வீட்டு நாற்காலி ஒன்று, விடுமுறை நாள் மாலையில் தானாக வெளியேறி, லிஃப்டில் ஏறி, ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே விருந்து, உட்கார இடம் போதவில்லை. லிஃப்டில் உடன் வந்த பெண்மணி, நாற்காலிக்காகத் தானே பொத்தானை அமுக்கியதாகப் பிறகு சொன்னார்.

சொந்த ஊரில் கணக்காளரின் நண்பர்கள் மதில்மேலும் பைக்மேலும் தானாகவே வந்து சேர்வார்கள். பிழைக்க வந்த நாட்டில் நட்புக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டியிருந்தது; வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கிளம்பும் நேரத்தையும் சொன்னார்கள். நாலு பேர் தங்கிப் பேசட்டும் என்று அவர் பெரிய மேசையும் எட்டு நாற்காலிகளும் வாங்கிப் போட்டார். அதன்பின் அவரே வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நடந்தார். விருந்தென்றால் தன் பதவி உயர்வுக் கதையை சூப்பில் தொடங்கிப் பழத்தில் முடிப்பார். பகலெல்லாம் பிறர் வாயை அடைத்தே வேலை செய்த பல் டாக்டரோ, மாலையில் அவர்களைப் பேசவிட்டார். வாராவாரம் கணக்காளரையும் அழைத்தார்; கணக்காளர் வாராவாரம் தணிக்கை இருக்கிறது என்றார்.

நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காவலாளியிடம் புகார் சொன்னதற்கு, சாமான் தானாக நடந்து போனால் திருட்டில் சேராது என்று அவர் விளக்கினார். நாற்காலி போனால் போகட்டும். நண்பன் தவக்களையும் மேலே போனதைத்தான் கணக்காளரால் தாங்க முடியவில்லை. விடுதியில் அவரோடு ஒரே அறையில் கிடந்தவன் தவக்களை; சிபாரிசு செய்து இந்த நாட்டுக்கு வரவழைத்ததே இவர்தான். அவன் ஐந்தாம் மாடியில் பாடுகிறானாம். அவன் பாடுவான் என்பதே இவருக்குத் தெரியாது. கூரைக்கு மேலே எழும் சிரிப்பில் அவன் சிரிப்பைத் தனியே பிரித்தெடுத்து, "எங்கிட்ட இப்படிச் சிரிச்சதே இல்ல" என்று மனைவியிடம் பொருமுவார்.

"அவர் சிரிக்கற மாதிரி நீங்க என்ன சொன்னீங்க?" என்பாள் அவள்.

கடைசியாக மிஞ்சியது தவக்களை வழக்கமாக உட்காரும் நாற்காலி. அதைத் துணிக்கொடியால் ஜன்னல் கம்பியில் கட்டினார். அன்று மாலை தவக்களையே வந்து நின்றான்.

"என்னடா, கட்டிப் போட்டிருக்க?"

"ஓடிப்போயிடும்."

"மேல இடம் பத்தலடா. இதையும் கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"உன்ன இங்க கொண்டுவந்ததே நான்."

"ஆமா. இங்க வந்தா அதுக்கு நன்றி சொல்லணும். அங்க போனா பாட்டுப் பாடலாம்."

நாற்காலி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கணக்காளர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். அது ஓடவில்லை, லிஃப்ட் வாசலில் இருவருக்காகவும் காத்து நின்றது.

மேலே, "உட்காருங்க சார், உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்று டாக்டரின் மனைவி அவருடைய நாற்காலியையே அவருக்குக் காட்டினார். தவக்களை பாடினான். சுருதி சேரவில்லை, எல்லோரும் கேட்டார்கள். கணக்காளரின் வயிற்றெரிச்சல் நின்றபாடில்லை. ஆனாலும், ஒரு மாடி கீழே இருந்து பொறாமைப்படுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பொறாமைப்படுவது வசதியாக இருந்தது.

சில வருடங்களில் பல் டாக்டர் வேறு நாட்டுக்கு மாறிப்போனார். அந்த வாரமே நாற்காலிகள், கட்டில்கூட இல்லாத இரண்டாம் மாடிப் புதுமணத் தம்பதி வீட்டுக்குக் கிளம்பின. நாற்காலிகள் சரக்கு லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கணக்காளரும் தவக்களையும் அவற்றோடு நெருக்கியடித்து அதிலேயே இறங்கினார்கள்.