ஒட்டாத ரப்பர்

தொழிற்சாலையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். நடக்க முடியாதவர்கள் பிடித்து நடக்கும் வாக்கருக்கான கெட்டிப் பிளாஸ்டிக் கைப்பிடியை அச்சுக்குள் வைத்து, அதன்மேல் மெத்தென்ற ரப்பரை உருக்கி ஏற்றும் இயந்திரம் அவளுடையது. ரப்பர் அச்சில் ஒட்டிக்கொண்டு வெளியே வர அடம்பிடிக்கும். அதற்கென்று ஓர் எண்ணெய் ஸ்ப்ரே உண்டு. காலி அச்சில்தான் அடிக்க வேண்டும், அடித்தபின் துடைக்கவும் வேண்டும். அவளுக்கு எங்கே அவ்வளவு பொறுமை? கைப்பிடியை உள்ளே வைத்துவிட்டு ஒரு 'புஸ்'. சமர்த்தாக வெளியே வந்துவிடும். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வயிறெரிந்தார்கள்.

காலொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கணவன் போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தான். இன்று நடந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொழிற்சாலையிலிருந்தே அவனுக்கொரு வாக்கர் வாங்கி வந்திருந்தாள்.

"நானே ஏத்துன ரப்பர். கெட்டியாப் புடிச்சுக்கோங்க."

"உன்னையே புடிச்சவன், இதைப் புடிக்க மாட்டேனா?"

எழுந்தான். முதல் அடி வைப்பதற்குள் வலதுபக்க ரப்பர் வாழைப்பழத் தோல் போல உரிந்து கையோடு வந்தது. நல்லவேளை, கட்டிலிலேயே தொப்பென்று விழுந்தான்.

"ஏண்டி, கொல்றதுன்னா சொல்லிட்டுக் கொல்லக் கூடாதா?" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடதுபக்க ரப்பரை இழுத்தாள். சொல்லிவைத்தாற்போல் அதுவும் கழன்றது. உள்ளே பிளாஸ்டிக் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. துளி ரப்பர்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. அடித்த ஸ்ப்ரே அச்சில் மட்டுமா படும்?

நேற்றுதான் ஒரு லாரி நிறைய வாக்கர்கள் அவள் கண்ணெதிரே கிளம்பின. கணவன் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்கு, அதே எலும்பு வார்டுக்கு. அந்த வார்டின் நம்பர் அவள் போனில் இருந்தது. உடனே அழுத்தினாள்.

"சிஸ்டர், புது வாக்கர் வந்துச்சே, அதை யாருக்கும் குடுக்காதீங்க! கைப்பிடி கழண்டுடும்!"

"சத்தமாச் சொல்லுங்கம்மா, ஒண்ணும் கேக்கல. இங்க ஒரே கூச்சல். மாசக்கணக்காப் படுத்த படுக்கையா இருந்த அம்மா இப்பத்தான் வாக்கரைப் புடிச்சு எந்திரிச்சு நிக்கிறாங்க."

பின்னால் வார்டே கைதட்டுவது கேட்டது.

"உக்கார வைங்க! ஐயோ, அவங்களை உக்கார வைங்க!"

"யாரும்மா நீங்க?"

கைதட்டல் சட்டென்று நின்றது. இரும்பு தரையில் மோதும் சத்தம், கூடவே ஓர் அலறல். நர்ஸ் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"அந்தக் கைப்பிடி செஞ்சவ" என்றாள் மின்னல். எதிர்முனையில் கேட்க ஆளில்லை.