காலையில் மட்டும் அளந்த புகை

காலை ஏழு மணிக்கு மீட்டர், புகை அளக்கும் கருவியை மின்நிலையத்தின் மதில் சுவர்மேல் வைத்தான். மீட்டர் என்பது கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர்; அவன் கையில் எப்போதும் ஏதாவதொரு கருவி இருக்கும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் புதிய கொதிகலனை மின்வாரியம் ஆறு மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. தேறிவிட்டால் இருபது ஊர்களில் இதையே வைப்பார்கள். தற்காலிக ஊழியனான அவனுக்கும் வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் அறிக்கை போக வேண்டும்.

எண் வரம்புக்குள்தான் இருந்தது. எழுதிக்கொண்டு திரும்பினால் வாசலில் தங்கை நிற்கிறாள். பின்தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள். கையில் ஒரு வெள்ளைப் போர்வை. அதன்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரி.

"என்னண்ணே, உன் கருவி தூங்கிட்டிருக்கா?"

"அளவெல்லாம் சரியாத்தான்மா இருக்கு."

"காலையில காத்து எங்க தெருவுலேர்ந்து உங்க பக்கம் அடிக்குது. சரியா இல்லாம என்ன பண்ணும்? சாயங்காலம் எங்க பக்கம் திரும்பிடும், அப்ப வந்து அளந்து பாரேன். துணிய விடு, மறுபடி தொவைச்சுக்குறேன். எம் சின்னப் பொண்ணு நெஞ்சத் தொவைக்க முடியுமா?"

காற்றின் போக்கு அவனுக்குத் தெரியாததா? "ஏழு மணிக்கே எடுத்துடுப்பா, மத்த நேரம் வேண்டாம்" என்று அதிகாரி சொன்ன முதல் நாளே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துகொண்டான்.

அன்று மாலை கருவியைக் கடை வாசலில் கொண்டுபோய் வைத்தான். எண் வரம்பைத் தாண்டி, காலையில் கண்டதைப்போல் நான்கு மடங்கு. உள்ளே சின்னவள் இருமினாள்; நின்றது என்று நினைத்தால் மறுபடி இருமினாள்.

மறுநாள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னப்பா புதுசா? சாயங்காலம் எடுக்கணும்னு விதியில இருக்கா?"

"எடுக்கக் கூடாதுன்னும் இல்லையே சார்."

"ஆறு மாசத்துல ஒரு பொய்யான எண்ணாவது எழுதச் சொன்னேனா உன்னை?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுட்டுக் கையெழுத்துப் போடு. உன்னை நிரந்தரமாக்குற ஆர்டர் மேசைமேலதான் இருக்கு."

மீட்டர் அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டான். "தலைமையகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிட்டேன் சார்" என்றான். அதிகாரி ஆர்டரை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார். "நாளைலேர்ந்து கருவியத் தொடாத" என்றார்.

தங்கையிடம் போய்ச் சொன்னான். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நேத்து எழுதிட்டே, சரி. ஆறு மாசமா எழுதாம விட்டதுக்கு யாருண்ணே பதில் சொல்றது?"

"நான்தான்" என்றான் மீட்டர். "ஒரு எண்ணைக்கூட மாத்தலேன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். சோதனைங்கிறது எந்திரத்தத் தேற வைக்கிறதுக்கு இல்லம்மா, ஜனங்களக் காப்பாத்துறதுக்கு. உண்மை வராத நேரமாப் பாத்து அளந்தா அதுவும் பொய்தான்."