சோலைக்குள் இருபத்தாறு கற்கள்

நீலகிரியில் ஜெகதளாவுக்கு மேலே, எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சோலைக்காட்டில்தான் என் மகள் கலைமதியைப் புதைத்திருக்கிறோம். ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு பிணத்துக்காகத் தேயிலைச் செடியைப் பிடுங்க எஸ்டேட்காரர்கள் என்றைக்குமே விட்டதில்லை. அதனால் எங்கள் ஆட்கள் மலையேறி வந்த காலத்திலிருந்தே செத்தவர்களைச் சோலைக்குத்தான் கொண்டுபோனார்கள்.

கல் வைத்தால் வனத்துறை கார்டு வந்து உடைத்துப் போடுவார். எனவே கல் வைக்கும் வழக்கமே எங்களுக்குக் கிடையாது. சோலையில் தானாக முளைத்த நாவல் கன்று ஒன்றைப் பிடுங்கி வந்து குழிமேல் நடுவோம். கலைமதியின் மரம் இப்போது இரண்டு ஆள் உயரம். பழைய மரங்களோ சோலையோடு சோலையாகிவிட்டன. எது யார் மரம் என்று முழுக்கத் தெரிந்தவர் லிங்கசாமி மாமா ஒருவர்தான். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. அவர் மனைவி பங்கஜத்தின் மரத்துக்குப் பக்கத்தில் தனக்கென்று ஆறடி இடத்தை ஒதுக்கி, முள் முளைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் சோலையைச் சுற்றி வனத்துறை வேலி வரப்போகிறது என்று தெரிந்தது. வேலி வந்தால் உள்ளே யாருக்கும் வழியில்லை. வன உரிமைச் சட்டத்தில் சோலையை ஊருக்கே கேட்டு வாங்கலாம் என்று கூட்டம் போட்டோம். மாமா தலைவர், அங்கன்வாடியில் இருக்கும் நான் செயலாளர். மூன்று தலைமுறையாக, எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்களுக்கும் இந்தக் காட்டுக்கும் தொடர்பு உண்டென்று காட்ட வேண்டும். தொடர்பெல்லாம் மண்ணுக்குள் இருந்தது. தாளில் ஒன்றும் இல்லை.

எனக்கு அது தாங்கவில்லை. வருகிற அதிகாரிக்கு வெறும் மரத்தைக் காட்டினால், காடென்றால் மரம் இருக்கத்தானே செய்யும் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று மாமாவிடம் சண்டை போட்டேன். அவர் அசையவில்லை. தன் தாத்தாவைப் புதைத்ததைக் கண்ணால் பார்த்த தான் உயிரோடு இருக்கும்போது கல் எதற்கு என்று கேட்டார். நான் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர், வேறென்ன.

என் வீட்டுக்காரர் வடிவேல் ஹாலோபிளாக் கம்பெனியில் வேலை செய்கிறார். அவரை நச்சரித்து இருபத்தாறு சிமெண்டுப் பலகை வார்க்கச் செய்தேன். ஈரம் காய்வதற்குள் ஆணியால் பெயரும் வருஷமும் கீறினேன். ஒரு பெயரும் பொய்யில்லை. எல்லாம் மாமா எப்போதோ சொல்லி நான் நோட்டில் எழுதி வைத்தவை. ஆனால் கல் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. பேக்டரிக் கழிவுத் தேயிலைத்தூளை அண்டாவில் கொதிக்கவைத்து மூன்று தடவை ஊற்றினோம். அறுபது வருஷத்துக் கல் மாதிரி பழுப்பேறிவிட்டது. நானே அசந்துபோனேன். மாமாவுக்குச் சொல்லாமல், நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் மரத்தடியில் நட்டோம்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் எங்கள் மனுவை விசாரிக்கக் குன்னூரிலிருந்து வந்த அதிகாரியம்மா முதல் கல்லிடம் குனிந்தார். கீழே கிடந்த சருகில் பழுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் கல்லைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "டீ வாசம்" என்றார். கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

அடுத்த கல்லைத் தேய்த்தார். அதற்கடுத்ததையும். பிறகு, இது உங்களுக்குத் தெரியுமா என்று மாமாவிடம் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது நிஜமும்கூட. மாமா என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சுதானுங்க வெச்சாங்க" என்றார்.

அந்தம்மா பேனாவை மூடினார். "பெரியவங்க வாக்குமூலத்தையும் சாட்சியா எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்குங்க ஐயா. நீங்க சொல்றதையும் இந்த மரங்களையும் வெச்சே எழுதலாம்னுதான் வந்தேன். இனி நீங்க சொல்றத எப்படி எழுதட்டும்?"

அந்த இடத்திலேயே எனக்கு உயிர் போயிருக்கலாம்.

மனு தள்ளுபடி. போலி ஆவணம் என்று ஒரே வரி. கற்களை வைத்தவர்களே பத்து நாளில் அகற்ற வேண்டும் என்று கூடவே ஒரு நோட்டீஸ். மேல்முறையீடு செய்து பார்த்தோம், அங்கேயும் அந்த ஒரு வரியைத்தான் படித்தார்கள். லைனில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

கல் எடுக்கப் போன அன்று கீழே கம்பித்தூண் நட ஆரம்பித்திருந்தார்கள். நானும் வடிவேலும்தான் போனோம். பின்னாலேயே மாமாவும் கடப்பாரையோடு வந்துவிட்டார். ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுத்தோம். பங்கஜம் அத்தையின் கல்லை அவரே எடுத்தார். எடுத்துவிட்டு, பக்கத்தில் சுத்தமாகக் கிடந்த அந்த ஆறடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனம்மிணி" என்றார். குரலில் கோபமே இல்லை. "இனி என்னை எங்க வெப்பீங்க?"

அவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டேன். கலைமதியின் கல் மட்டும் பாக்கி இருந்தது.