அழைக்காமல் வர வேண்டிய நாள்

கதை எழுதிப் பழகாத கை இது. தேர்ந்தவர்கள் எழுதி நிறைத்திருக்கும் சபையில் ஓர் ஓரமாக அமர இடம் கேட்பதே துணிச்சல் என்பதை அறிவேன்; பிழை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். நெவெனாவின் கதையை வேறு எவரும் சொல்ல முன்வரவில்லை என்பது ஒன்றே இத்துணிவுக்குக் காரணம்.

ப்ளோவ்திவ் நகரில் பல்செட் செய்யும் பட்டறை ஒன்றில் நெவெனா வேலை பார்த்தாள். பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்தவளுக்குத் தன் வாயைத் திறந்து பேச ஆள் இல்லை. அவளுக்குப் பிடித்தது பாசி. ஈர மதிலையோ பாறை இடுக்கையோ கண்டால் கழுத்தில் தொங்கும் லென்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுவிடுவாள். "பாசி வழுக்கி விழுறதுக்கு உள்ளது, உக்காந்து பாக்குறதுக்கா?" என்று பட்டறையில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒருநாள் அவள் இணையத்தில் இட்டிருந்த காய்ந்த பாசிப் படத்தின் கீழே, முன்பின் அறியாத ஒருத்தி எழுதியிருந்தாள்: "இது காஞ்சு போகலைங்க, தூங்குது." நெவெனா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதியவள் இஸ்க்ரா, பக்கத்து ஊரான அசெனொவ்கிராத்தில் தையல்காரி. அன்று தொடங்கிய பேச்சு "நீங்க"விலிருந்து "நீ"க்கு வர ஒரு குளிர்காலம் பிடித்தது. பனி உருகிய பின் புனார்ஜிகா குன்றில் முதன்முறையாக நேரில் சந்தித்தபோது, இருவர் கழுத்திலும் லென்ஸ் தொங்கியதால் அடையாளம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நெவெனா ஒரு காய்ந்த பாசித் திட்டின் அருகே உதட்டைக் கொண்டுபோய் மெல்ல மூச்சு விட்டாள். சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"அடியே, எழுந்திருச்சுருச்சுடி!" என்று கத்தினாள் இஸ்க்ரா.

அந்த "டி"யை நெவெனா வீடு வரையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகே அவள் இணையத்தில் குழு ஒன்றைத் தொடங்கினாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் கிரில் வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். ஞாயிறுதோறும் குன்றேறுவார்கள். குழுவின் அட்மின் நெவெனா. ஆனால் குழுவே இஸ்க்ராவுக்காகத்தான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நான்காம் ஆண்டில் தெமெனுகா வந்தாள். நெடுங்காலம் வியன்னாவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஊர் திரும்பியவள். சேற்றில் வயிறு படியப் படுத்துப் படம் எடுப்பாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவை எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பாள். ஏறத்தாழ ஒரே வயதுதான் என்றாலும் நெவெனாவை "அக்கா" என்று அழைத்தாள். ஒவ்வொரு அக்காவும் நெவெனாவின் காதில் கொதிநீராய் விழுந்தது. குழுவில் தெமெனுகா இடும் படங்களுக்கு இஸ்க்ரா இதயம் போட்டாள். நெவெனாவின் படங்களுக்கு வெறும் கட்டைவிரல். அற்பம் என்று அறிந்தும் நெவெனா ஒவ்வொரு படத்தின் கீழும் போய்ப் பார்த்தாள், பார்த்து வெந்தாள்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், குன்றின் பின்சரிவில் இஸ்க்ராவும் தெமெனுகாவும் தலையோடு தலை ஒட்டிக் குனிந்திருப்பதை அவள் கண்டாள்.

"ஊதாத. ஊதுனா காஞ்சிடும். கண்ணாடியத் துடைக்கிற மாதிரி, மெதுவா மூச்சு விடு," என்றாள் இஸ்க்ரா.

"ஐயோ! விரியுது! யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

இஸ்க்ரா பதில் சொல்வதற்குள் கிரில் குறுக்கிட்டார். "எம்மேலயும் கொஞ்சம் விடுங்கம்மா. நானும் காஞ்சுதான் கெடக்கேன்."

மூவரும் சிரித்தார்கள். கேள்வி சிரிப்பில் கரைந்துபோனது. தான் ஆசையாகக் கொடுத்த பொருளை வேறொருத்தி கையில் கண்டதுபோல் நெவெனா நின்றாள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது என்பது இதுதான்.

குருத்து ஞாயிறு நெருங்கியது. பூவின் பெயரோ மரத்தின் பெயரோ கொண்ட அனைவருக்கும் அன்றுதான் பெயர்நாள், பிறந்தநாள்போல் பெயரைக் கொண்டாடும் நாள். நெவெனா என்றால் சாமந்தி. தெமெனுகா என்றால் ஊதாப்பூ. பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வாசலில் வில்லோ மரக்கிளை செருகி, மேசையில் மீனும் மதுவும் வைத்துக் காத்திருக்க வேண்டும்; வேண்டியவர்கள் தாமாக வருவார்கள்.

ஆனால் தெமெனுகா குழுவில் எழுதினாள்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. கண்டிப்பா வாங்க."

அழைக்கக் கூடாத நாளில் அழைக்கிறாளே. என் நாள் என்று தெரிந்தே இழுக்கிறாளே என்று நெவெனா குமைந்தாள். மாலையில் இஸ்க்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை என்னடி சமைக்கிற?"

"வர்றவங்களுக்கு அது தெரியும்," என்றாள் நெவெனா, குரலை இறுக்கி.

"சரி தாயே! பெயர்நாளுக்குக் கூப்பிடக் கூடாதுல்ல. நான் எதுவும் கேக்கல," என்று சிரித்து வைத்துவிட்டாள் இஸ்க்ரா. அந்தச் சிரிப்பை நெவெனா பலவாறு உரசிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது கேலியாகவே ஒலித்தது.

ஞாயிறன்று கோயிலிலிருந்து வில்லோக் கிளை கொண்டுவந்து கதவில் செருகினாள். பெரிய கெண்டை மீனுக்குள் வால்நட்டும் அரிசியும் வைத்துச் சுட்டாள். கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். நண்பகல் ஆயிற்று. படிக்கட்டில் கேட்ட காலடிகள் எல்லாம் அண்டை வீட்டுக்காரர்களுடையவை.

அப்போது குழுவில் கிரில் ஒரு படம் இட்டார். தெமெனுகாவின் மேசை, அதைச் சுற்றி எல்லோரும். தலையில் வில்லோ வளையம் சூடிய இஸ்க்ரா தெமெனுகாவின் தோளில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நெவெனா முதலில் தெமெனுகாவைக் குழுவிலிருந்து நீக்கினாள். ஆற்றாமை அடங்கவில்லை. மற்றவர்களும் அவள் மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? குழுவை அழித்தால் படங்களும் பேச்சுகளும் மீளாது, சம்மதமா என்று கைப்பேசி கேட்டது. சம்மதித்தாள். பிறகு கதவைத் திறந்து கிளையைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள், தாழிட்டாள், திரைகளை இழுத்துவிட்டாள்.

மீன் ஆறி முடிவதற்குள் படிக்கட்டில் ஒரு கும்பலின் சத்தம் கேட்டது.

"நெவெனா! ஏய் தூங்குமூஞ்சி, திறடி!" இஸ்க்ராவின் குரல்.

"கிளையக் காணோமே. வீடு மாறி ஏறிட்டமா?" மூச்சு வாங்கியவர் கிரில். "இன்னொரு தடவ ஏறுறதுன்னா என்னத் தூக்கிட்டுத்தான் போகணும்."

"உங்களாலதான் அண்ணே லேட்டு," என்றாள் தெமெனுகா. "எங்க வீட்ல சட்டுன்னு சாப்பிட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு காலையிலயே சொன்னேன். இன்னொரு துண்டு, இன்னொரு துண்டுன்னு உக்காந்துட்டீங்க."

"நீ கூப்பிட்டுல்ல வரச் சொன்ன! பெயர்நாளுக்குக் கூப்பிடுறவள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"கூப்பிடாம எனக்கு யாரு அண்ணே வருவா? போன வருஷம் மீன் சுட்டு வச்சுக்கிட்டுப் பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருந்தேன். கடைசியில தெரு நாய்தான் தின்னுச்சு. அக்காவுக்கு அந்தப் பயம் இல்ல. அவங்களுக்குக் கூப்பிடாமலே வர இத்தன பேரு இருக்கீங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் நெவெனாவின் கை தாழ்ப்பாள் வரை போயிற்று. அங்கேயே நின்றது. திறந்தால் என்ன சொல்வது?

"இரு, குரூப்புல கேக்குறேன்," என்றாள் இஸ்க்ரா. கைப்பேசியைத் தேடி எடுக்கும் சலசலப்பு கேட்டது. "என்னது, குரூப்பே இல்ல?"

"என்னைய அதுக்கு முன்னாடியே நீக்கியிருக்கு," என்றாள் தெமெனுகா, மிகத் தாழ்ந்த குரலில்.

அட்மின் ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த கணம் நெவெனாவின் கைப்பேசி சமையலறையில் மணியடித்தது. கதவின் இருபுறமும் அது கேட்டது. இஸ்க்ராதான் அழைத்தாள், இஸ்க்ராவே துண்டித்தாள்.

"உள்ளதான் இருக்கா," என்றார் கிரில்.

கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைத் தரையில் வைக்கும் ஓசை. பிறகு இஸ்க்ரா கதவருகே வந்து பேசினாள். கத்தவில்லை.

"பெயர்நாள் வாழ்த்துக்கள், நெவெனா. நீங்க நல்லா இருங்க."

காலடிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. வெகுநேரம் கழித்துத்தான் நெவெனா கதவைத் திறந்தாள். மூடியிட்ட கண்ணாடிக் குடுவைக்குள், எல்லோரும் சேர்ந்து நட்டிருந்த பாசித் தோட்டம் ஒன்று இருந்தது. மூடியின் உள்புறம் ஈரம் படிந்திருந்தது.

இழந்தவை இவ்வளவே: ஒரு குழு, நான்கு ஆண்டுப் படங்கள், யாரும் தொடாத ஒரு கெண்டை மீன், ஞாயிற்றுக்கிழமைகள், தோழியாகியிருக்கக்கூடிய தெமெனுகா, இஸ்க்ராவின் வாயிலிருந்து வந்த "டி".